நேற்று அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது? வேபேக் மெஷின்: ஒரு மதிப்புரை

கைப்பேசிக்கு வந்து சேரும் ஒரு செய்தியைப் பார்த்து “இது உண்மையா?” என்று கேட்பதற்கு நம்மில் பலர் பழகிவிட்டோம். “இது எப்போது சொல்லப்பட்டது? அன்றும் இதே வடிவில்தான் இருந்ததா? இடையில் யாராவது திருத்தினார்களா?” என்று கேட்பதற்கு இன்னும் பழகவில்லை. அச்சு நாளிதழின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி இருந்தது. வெளிவந்துவிட்ட பிரதியை மறுநாள் ஆசிரியரே விரும்பினாலும் மாற்றியிருக்க முடியாது. இணையப் பக்கமோ காலையில் ஒன்று சொல்லி, மாலையில் வேறொன்று சொல்லி, அடுத்த ஆண்டு முகவரியே இல்லாமல் போய்விடும். தேதியும் திருத்த வரலாறும் இல்லாமல் கைக்கு வரும் தகவலை எவ்வளவு கூர்மையான வாசகராலும் சரியாக எடைபோட முடியாது என்பது, சிற்றிதழ் ஒன்றில் மேற்கோள்களையும் சுட்டிகளையும் சரிபார்க்கும் பொறுப்பில் இருக்கும் எனக்கு நாள்தோறும் உறுதிப்படுகிறது. அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும் சேவை என்ற வகையில்தான், இணையப் பக்கங்களின் பழைய படிகளைத் தேதியோடு காத்துவைக்கும் வேபேக் மெஷினை இங்கே மதிப்பிடுகிறேன்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், முன்பு தேவாலயமாக இருந்த ஒரு கட்டடத்திலிருந்து இயங்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலாப நோக்கற்ற நிறுவனம் இதை நடத்துகிறது. புரூஸ்டர் கேல் 1996இல் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டிலிருந்தே இணையப் பக்கங்களைப் படியெடுத்துச் சேர்த்துவந்தாலும், 2001இல்தான் பொதுமக்கள் அவற்றைப் பார்க்க வழி திறந்தது. 2025 அக்டோபரில் சேகரிப்பு ஒரு டிரில்லியன் பக்கங்களைத் தொட்டது. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, விளம்பரமும் இல்லை. நன்கொடையை நம்பி நடப்பதால் அவ்வப்போது மேலே ஒரு வேண்டுகோள் பட்டை தோன்றும். அது எனக்கு இடையூறாகத் தோன்றியதில்லை.

பயன்படுத்தும் முறை எளியது. பார்க்க வேண்டிய பக்கத்தின் முகவரியை ஒட்டினால், எந்தெந்த ஆண்டில் எவ்வளவு படிகள் எடுக்கப்பட்டன என்பதைக் காட்டும் ஒரு பட்டையும், அதன் கீழே நாள்காட்டியும் வரும். படி எடுக்கப்பட்ட நாள்களின் மேல் வண்ண வட்டங்கள் இருக்கும். நீல வட்டம் என்றால் பக்கம் முறையாகப் பதிவாகியிருக்கிறது. பச்சை என்றால் அந்த முகவரி அன்று வேறொரு முகவரிக்குத் திருப்பிவிட்டது. ஆரஞ்சு என்றால் பக்கம் கிடைக்கவில்லை. சிவப்பு என்றால் அந்தத் தளத்தின் வழங்கியில் (சர்வரில்) கோளாறு. புதியவர்கள் இந்த வண்ணங்களைக் கவனிப்பதில்லை. ஆனால் ஒரு செய்தியின் முகவரி மார்ச் மாதம் வரை நீலமாக இருந்து, ஏப்ரலில் ஆரஞ்சாக மாறினால், அந்தச் செய்தி ஏறத்தாழ எப்போது நீக்கப்பட்டது என்பதை உள்ளே நுழையாமலேயே அறிந்துகொள்ளலாம். ஆரஞ்சுக்குப் பதிலாகப் பச்சை வந்தால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். நீக்கிய செய்தியின் முகவரியைச் சத்தமில்லாமல் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் வழக்கம் செய்தித் தளங்களில் உண்டு.

ஒவ்வொரு படியின் முகவரியிலும் 14 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் இருக்கும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்ற வரிசையில் அதைப் படிக்க வேண்டும். இந்தச் சேவையின் உயிர்நாடி என்று நான் கருதுவது இந்த எண்ணைத்தான். ஒரு எச்சரிக்கை: இது உலகப் பொது நேரத்தில் (யுடிசி) எழுதப்படுகிறது. இந்திய, இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. ஆகையால் எண்ணில் 15ஆம் தேதி இரவு 8 மணி என்று இருந்தால் நமக்கு அது 16ஆம் தேதி அதிகாலை 1.30 மணி. அறிவிப்பு முதலில் வந்ததா, அதைப் பற்றிய செய்தி முதலில் வந்ததா என்ற வழக்குகளில் இந்தக் கணக்கைத் தவறவிட்டால் முடிவே தலைகீழாகும்.

நான் மிக அதிகம் நாடுவது “மாற்றங்கள்” என்ற பகுதியை. ஒரே முகவரியின் இரண்டு படிகளைத் தேர்ந்தெடுத்தால், இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, நீக்கப்பட்ட வரிகளை மஞ்சளிலும் சேர்க்கப்பட்ட வரிகளை நீலத்திலும் காட்டுகிறது. எங்கள் இதழுக்கு வந்த கட்டுரை ஒன்று, ஒரு செய்தித் தளத்தை மேற்கோள் காட்டி ஒருவர் “கைது” செய்யப்பட்டார் என்று எழுதியிருந்தது. சுட்டியைத் திறந்தால் “விசாரணைக்கு அழைப்பு” என்றுதான் இருந்தது. கட்டுரையாளர் திரித்து எழுதிவிட்டாரோ என்ற ஐயம் எழுவது இயல்பு. இரண்டு படிகளை ஒப்பிட்டபோது முதலில் வந்த தலைப்பில் “கைது” என்றே இருந்தது தெரிந்தது. தலைப்பும் முதல் பத்தியும் பின்னர் மாற்றப்பட்டிருந்தன. திருத்தப்பட்டது என்று எங்கும் குறிப்பில்லை. தவறாக வந்த செய்தியைத் திருத்துவது நல்ல இதழியல். திருத்தியதைச் சொல்லாமல் விடுவதுதான் வாசகருக்குச் செய்யும் தீங்கு. முதல் வடிவத்தைப் படித்துப் பகிர்ந்தவர்கள் எல்லாம் பொய் சொன்னவர்களாகிவிடுகிறார்கள். அந்த மனிதரைப் பற்றிய தவறான நினைப்பும் அவர்கள் மனதில் அப்படியே தங்கிவிடுகிறது. கட்டுரையாளரின் நேர்மைக்கு அன்று சான்று தந்தது இந்தச் சேவை ஒன்றே.

இதன் வலிமையும் எல்லையும் ஒரே இடத்தில் விளங்கும் நிகழ்வு, மலேசிய விமான நிறுவனத்தின் எம்.எச். 17 விமானம் 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர் உயிரிழந்தார்கள். உலகப் பொது நேரப்படி பிற்பகல் 1.20 மணியளவில் விமானத்தின் தொடர்பு அறுந்தது. அன்று, ரஷ்யச் சமூக வலைத்தளமான விகொண்டாக்டேயில், ரஷ்ய ஆதரவுப் பிரிவினைப் படைத் தளபதி இகோர் கிர்கின் பெயரோடு தொடர்புடைய பக்கம் ஒன்றில், ஏஎன்-26 வகைச் சரக்கு விமானம் ஒன்றை வீழ்த்திவிட்டதாகவும், தங்கள் வானில் பறக்க வேண்டாம் என்று முன்பே எச்சரித்திருந்ததாகவும் ஒரு பதிவு காணொளியோடு வந்தது. வீழ்ந்தது பயணிகள் விமானம் என்று தெரிந்த பிறகு அந்தப் பதிவு மறைந்தது. ஆனால் அந்தப் பக்கத்தின் ஒரு படி வேபேக் மெஷினில் இருக்கிறது. அதன் எண் 20140717152222. அதாவது, அதே நாள் பிற்பகல் 3 மணி 22 நிமிடம் 22 நொடி. விமானத்தின் தொடர்பு அறுந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து.

இந்தப் படி தற்செயலாகக் கிடைக்கவில்லை. உக்ரைன் மோதலைப் பற்றிய இணையப் பக்கங்களைத் திரட்டிக்கொண்டிருந்த, ஸ்டான்போர்டு பல்கலைக்கழக வளாகத்திலுள்ள ஹூவர் நிறுவனத்தின் ஆவணக் காப்பாளர் ஒருவர், அதே ஜூலை மாதத்தின் தொடக்கத்தில்தான் அந்தப் பக்கத்தையும் சேகரிப்புப் பட்டியலில் சேர்த்திருந்தார். எந்திரம் தானாக எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முக்கியமான படிகள் பலவற்றின் பின்னால், “இது நாளை இல்லாமல் போகலாம்” என்று முன்கூட்டியே எண்ணிய ஒரு மனிதரின் முடிவு இருக்கிறது.

அந்தப் படி எதை மெய்ப்பிக்கிறது என்பதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த முகவரியில் அந்த நேரத்தில் அந்த வாசகங்கள் இருந்தன என்பதை அது மெய்ப்பிக்கிறது. எழுதியவர் கிர்கின்தானா என்பதை அது சொல்லாது. அந்தப் பக்கத்தை நடத்தியவர்கள் அவருடைய ஆதரவாளர்கள் என்ற வாதம் அப்போதே எழுந்தது. எழுதியவருக்கு நேரில் தெரியுமா, யாரோ சொல்லக் கேட்டு எழுதினாரா என்பதையும் அது சொல்லாது. விமானத்தை வீழ்த்தியது எந்த ஏவுகணை, அது எங்கிருந்து வந்தது என்பவற்றை நிறுவ, சிதைந்த பாகங்கள், தொலைபேசி உரையாடல்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றைக் கொண்டு பல ஆண்டுகள் விசாரணை நடந்தது. 2022 நவம்பரில்தான் நெதர்லாந்து நீதிமன்றம் கிர்கின் உட்பட மூவருக்கு அவர்கள் முன்னிலையில் இல்லாத நிலையிலேயே ஆயுள் தண்டனை விதித்தது. ஒரு பழைய படியைக் காட்டி “இதோ ஆதாரம்” என்று வழக்கை முடித்துவிடும் போக்கு இன்று பரவலாகிவிட்டதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பக்கத்தில் இருந்தது என்பது ஒரு செய்தி. பக்கத்தில் சொல்லப்பட்டது உண்மை என்பது வேறொரு செய்தி. முதலாவதை மட்டுமே இந்தச் சேவை தருகிறது. அதைத் தருகிறது என்பதே பெரிது.

படியை நம்புவதிலும் கவனம் வேண்டும். நாம் ஒரே பக்கமாகப் பார்ப்பது உண்மையில் பல கோப்புகளின் தொகுப்பு. எழுத்து ஒரு நாளும், அதில் பொருந்தியிருக்கும் படம் வேறொரு நாளும் பதிவாகியிருக்கலாம். இரண்டையும் சேர்த்துக் காட்டும்போது, அந்த வடிவில் எந்த நாளிலும் இருந்திராத ஒரு பக்கம் உருவாகிவிடக்கூடும். மேலே உள்ள பட்டையில் “இந்தப் படியைப் பற்றி” என்ற பொருள்படும் இணைப்பு ஒன்று உண்டு. அதை அழுத்தினால் ஒவ்வொரு கோப்பும் முதன்மைப் பக்கத்திலிருந்து எவ்வளவு கால இடைவெளியில் எடுக்கப்பட்டது என்ற பட்டியல் வரும். ஒளிப்படத்தையே ஆதாரமாகக் கொள்வதாக இருந்தால் இந்தப் பட்டியலைப் பார்க்காமல் எழுதவே கூடாது. இன்னொரு பொறி: பழைய செய்திப் பக்கத்தின் தலைப்பில் சில சமயம் இன்றைய தேதி தெரியும். தேதியைப் பார்ப்பவரின் கணினியிலிருந்து எடுத்துக் காட்டும் சிறு நிரல் அந்தப் பக்கத்திலேயே இருப்பதும், நாம் திறக்கும்போது அது மீண்டும் ஓடுவதும்தான் காரணம். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்ந்தால் பழைய செய்தி புதிய செய்தியாகிவிடும். சில பக்கங்கள் வெளித்தளங்களிலிருந்து கோப்புகளை அழைத்துக்கொள்ளும் முறையைப் பயன்படுத்தி, பழைய படி நம் கண்ணுக்குத் தெரியும் விதத்தையே பின்னாளில் மாற்ற முடியும் என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள். சேமிப்பில் உள்ள கோப்பு மாறுவதில்லை. அது காட்டப்படும் விதம் ஏமாற்றலாம்.

தமிழ் வாசகருக்கு இந்தச் சேவை எவ்வளவு உதவும் என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கே என் மதிப்பீடு கலவையானது. நம்மிடையே பொய்ச் செய்தி பரவும் இடம் பெரும்பாலும் முகவரி உள்ள பக்கம் அன்று. வாட்ஸ்அப் குழுவும், தொலைக்காட்சிகளின் சின்னத்தை ஒட்டிப் போலியாகச் செய்யப்படும் நியூஸ் கார்டும், எங்கேயோ எடுத்த காணொளியும்தான். வாட்ஸ்அப்பில் வருவது எதையும் வேபேக் மெஷின் பார்ப்பதில்லை. முகநூலும் இன்ஸ்டாகிராமும் உள்நுழைவைக் கேட்பதால் அவற்றின் படிகள் பெரும்பாலும் வெறுமையாகவோ அரைகுறையாகவோ இருக்கின்றன. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கிக் கொல்லப்படுகிறார்கள் என்ற வதந்தி தொடர்பில்லாத காணொளிகளோடு பரவியபோது, திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் அச்சத்தில் வாழ்ந்தார்கள். மாநிலக் காவல்துறை மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. அத்தகைய காணொளியின் மூலத்தைக் கண்டறிய, அதிலிருந்து ஒரு காட்சியை எடுத்துக் கூகுள் லென்ஸ் போன்ற படத்தேடல் கருவியில் இடுவதுதான் முதல் வழி. அந்தத் தேடல் ஒரு பழைய செய்திப் பக்கத்துக்குக் கொண்டுசேர்த்து, அந்தப் பக்கமும் இப்போது இல்லை என்றால், அப்போதுதான் வேபேக் மெஷினின் முறை வருகிறது.

ஆனால் சமூக வலைத்தளத்திலும் அரசுத் தளத்திலும் எவரும் பார்க்கும்படி வெளியாகி, பிறகு விலக்கப்படும் பதிவுகளுக்கு இந்தச் சேவை மிகவும் பொருந்தும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது, பிரதமர் விமானச் சாளரத்தின் வழியாக வெள்ளப் பகுதியைப் பார்வையிடும் ஒளிப்படத்தில், சாளரத்துக்கு வெளியே வேறொரு காட்சியை ஒட்டி மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. மக்கள் கண்டுபிடித்துக் கேட்டதும் படத்தை நீக்கிவிட்டு வருத்தமும் தெரிவித்தது. உடனுக்குடன் பார்த்தவர்கள் படியெடுத்து வைத்திருந்ததால்தான் அது விவாதப் பொருளாயிற்று. அப்படிப் படியெடுக்கும் வேலையை ஸ்கிரீன்ஷாட்டை விட நம்பகமாகச் செய்வது, 2013இல் இந்தச் சேவையில் சேர்க்கப்பட்ட “இப்போதே சேமி” என்ற வசதி. ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் திருத்தலாம்; அதை எடுத்தவரே அதற்குச் சாட்சி. இங்கே படி எடுப்பதும் நேரத்தைக் குறிப்பதும் மூன்றாம் தரப்பு. முகவரியைக் கொடுத்துச் சற்றுக் காத்திருந்தால் புதிய படியின் நிலையான முகவரி கிடைக்கிறது. கணக்கு வைத்திருப்பவர்கள் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் அதிலுள்ள சுட்டிகளையும் சேர்த்தே சேமிக்கலாம். தனிமனிதர்களின் தொலைபேசி எண், முகவரி, குடும்பப் படங்கள் அடங்கிய பக்கங்களை இப்படி நிலைப்படுத்துவது அவர்களுக்குத் தீங்காகலாம் என்பதை மறக்கக் கூடாது.

எதிர்த்திசையில் ஒரு பிழையான வாதமும் அடிக்கடி எழுகிறது. “வேபேக் மெஷினில் இல்லை, ஆகவே அப்படியொரு பக்கமே இருந்ததில்லை” என்பார்கள். இந்திய தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாகப் பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் செய்தியை எடுத்துக்கொள்வோம். யுனெஸ்கோ தளத்தின் பழைய படிகளில் தேடி எதுவும் கிடைக்காமல் போவது ஐயத்தை வலுப்படுத்தும். ஆனால் அந்த வதந்தியை முடித்துவைப்பது, அப்படி எதையும் அறிவிக்கவில்லை என்று யுனெஸ்கோ தரப்பு 2008இலேயே தெரிவித்த மறுப்புதான். எல்லாப் பக்கங்களும் எல்லா நாள்களிலும் படியெடுக்கப்படுவதில்லை. ஆங்கிலப் பெருநாளிதழின் முகப்புக்கு ஒரே நாளில் பல படிகள் இருக்கும். மாவட்டச் செய்திகளைத் தரும் ஒரு சிறு தமிழ்த் தளத்துக்கு மாதக்கணக்கில் ஒரு வட்டமும் இருக்காது. இந்த இடைவெளி ஒரு குறை என்பதோடு, எவருடைய இணையம் நினைவில் தங்குகிறது என்ற பெரிய கேள்வியும் ஆகும்.

தமிழ் இணையத்தின் தொடக்கக் காலத்தைப் படிக்க விரும்புபவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. இதைப் பற்றி விரிவாகச் சொல்லவே விரும்புகிறேன், ஏனெனில் வேறு மொழியார் எழுதும் மதிப்புரைகளில் இது இடம்பெறுவதில்லை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியாக்கமான ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துருவையும் குறியாக்கத்தையும் வைத்திருந்தது. உலகத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே கலந்து உருவாக்கிய திஸ்கி ஒருபக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி அறிவிக்கப்பட்ட டாம், டாப் குறியாக்கங்கள் இன்னொரு பக்கம். இவை எதிலும் சேராத நாளிதழ்களின் சொந்த எழுத்துருக்கள் வேறு. தமிழ்நாடு அரசு ஒருங்குறிக்கு மாறும் ஆணையைப் பிறப்பித்ததே 2010இல்தான். வேபேக் மெஷின் அந்தப் பழைய பக்கங்களை எடுத்த வடிவிலேயே காத்துவைத்திருக்கிறது. திறந்தால் தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாக உரோமானிய எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த குழப்பம்தான் தெரியும். பக்கத்தோடு இணைந்து இறங்கிய எழுத்துருக் கோப்பு பதிவாகியிருந்தாலும் இன்றைய உலாவிகள் அந்த வடிவத்தை ஏற்பதில்லை.

இதைக் கண்டு பக்கம் சிதைந்துவிட்டது என்று திரும்பிவிட வேண்டாம். அந்த உரையை நகலெடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் இட்டு, திஸ்கி, டாப், டாம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால், பல பக்கங்கள் படிக்கத்தக்க தமிழாகத் திரும்பிவருகின்றன. நாளிதழ்களின் தனி எழுத்துருக்களில்தான் சில எழுத்துகள் பிடிவாதமாகத் தவறுகின்றன. இப்படி மீட்ட உரையை மேற்கோளாகத் தரும்போது, மாற்றியின் வழியாகப் பெற்றது என்று குறிப்பிடுவது முறை. ஒரு ரகரமும் காலும் மாறினாலே ஒரு பெயர் வேறு பெயராகிவிடும். தமிழில் தேடும் வசதி இங்கே கிட்டத்தட்ட இல்லை. தேடுபெட்டி தளங்களின் பெயர்களையும் முகப்புகளையும் ஓரளவு கண்டுபிடிக்கும்; கட்டுரைக்குள் இருக்கும் ஒரு சொல்லைக் கொண்டு எதையும் எடுக்க முடியாது. முகவரி தெரிந்தால்தான் கதவு திறக்கும். பழைய மடல்களிலும் அச்சு இதழ்களின் இணையப் பரிந்துரைப் பக்கங்களிலும் முகவரிகளைத் தேடிச் சேர்ப்பது தனி உழைப்பு.

சேவையின் நிலைத்தன்மை குறித்து எனக்குக் கவலை உண்டு. 2017 ஆகஸ்டில், இரண்டு இந்தித் திரைப்படங்களின் திருட்டுப் படிகளைத் தடுக்கக் கோரிய தயாரிப்பாளர்களின் மனுக்களின் பேரில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின் கீழ் முடக்கப்பட்ட 2,600க்கும் மேற்பட்ட தளங்களின் பட்டியலில் இன்டர்நெட் ஆர்க்கைவும் இருந்தது. இந்தியா முழுவதும் அது சில நாள்கள் கிடைக்காமல் போயிற்று. 2024 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் 3.1 கோடிப் பயனர் கணக்குகளின் விவரங்கள் களவுபோயின. வேபேக் மெஷின் சில நாள்கள் முற்றிலும் நின்று, பிறகு படிக்க மட்டும் திறந்தது. புதிதாகச் சேமிக்கும் வசதி திரும்பப் பின்னும் சில வாரங்கள் ஆயின. மின்னூல் கடன் வழங்கியது தொடர்பாகப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் அதே ஆண்டு செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் நிறுவனம் தோற்றது. அது இந்தச் சேவையை நேரடியாகத் தொடாவிட்டாலும், நடத்தும் நிறுவனம் ஒன்றே. தள உரிமையாளர் கேட்டுக்கொண்டால் பழைய படிகள் பார்வையிலிருந்து விலக்கப்படுவதும் உண்டு. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் இந்தச் சேகரிப்பின் வழியாகத் தங்கள் உள்ளடக்கத்தை எடுத்துக்கொள்கின்றன என்று காரணம் சொல்லி, விவாதத் தளமான ரெடிட் 2025இல் தன் பக்கங்களில் பெரும்பகுதியை இதற்கு மூடிக்கொண்டது.

இத்தனைக்கும் மேல், இதற்கு நிகரான வேறொன்று இல்லை என்பதும் உண்மை. ஒரு பக்கத்தின் அண்மைப் படியைக் காட்டுவதற்காகக் கூகுள் தேடலில் இருந்த “கேஷ்” இணைப்பு 2024இல் நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாகத் தேடல் முடிவுகளின் “இந்தப் பக்கத்தைப் பற்றி” என்ற பகுதியில் வேபேக் மெஷினுக்கே சுட்டி தருகிறார்கள். இணையப் பக்கங்களைச் சேமிக்கும், ஹார்வர்டு சட்ட நூலகத்தின் பெர்மா.சிசி என்ற சேவை நேர்த்தியானது, ஆனால் நீதிமன்றங்களையும் கல்விப் புலத்தையும் மனதில் கொண்டு அமைந்தது. தேவை மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 54 விழுக்காடு பக்கங்களின் மேற்கோள் பகுதியில் குறைந்தது ஓர் இறந்த சுட்டியாவது இருந்தது என்பதும் அதே ஆய்வின் கண்டுபிடிப்பு. அத்தகைய இறந்த சுட்டிகளுக்குப் பதில் பழைய படியின் முகவரியை இடும் தானியங்கி ஒன்று பல ஆண்டுகளாக விக்கிப்பீடியாவில் உழைத்துவருகிறது.

பரிந்துரைக்கிறேனா என்றால், தயக்கமின்றி. ஆசிரியர்கள், மாணவர்கள், நிருபர்கள், தகவல் உரிமை மனு எழுதுபவர்கள், விக்கிப்பீடியாவில் பங்களிப்பவர்கள் ஆகியோர் உலாவியில் இதன் நீட்சியை (எக்ஸ்டென்ஷனை) நிறுவிக்கொள்வது நல்லது. திறந்திருக்கும் பக்கத்தின் முதல் படி, கடைசிப் படி இரண்டையும் ஓர் அழுத்தில் பார்க்கலாம், அங்கிருந்தே சேமிக்கலாம். முதலில் சேமிக்கத் தக்கவை என்று நான் கருதுபவை பெரிய தளங்கள் அல்ல, அவற்றுக்குக் குறைவில்லை. மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்புகள், ஒப்பந்தப்புள்ளிப் பக்கங்கள், கல்லூரிகளின் கட்டண விவரங்கள், உள்ளூர்த் தமிழ்ச் செய்தித் தளங்கள் ஆகியவைதான் சுவடின்றி மாறுகின்றன. அவற்றைப் படியெடுக்க நம்மைத் தவிர யாரும் வரப்போவதில்லை. எங்கள் இதழுக்கு எழுதுபவர்களிடம், இணையச் சுட்டி ஒன்றைத் தரும்போது, அதே நாளில் சேமித்த படியின் முகவரியையும், அந்த 14 இலக்க எண்ணை இந்திய நேரத்துக்கு மாற்றி எழுதிய தேதியையும் அடிக்குறிப்பில் சேர்த்துத் தருமாறு இப்போது கேட்டுக்கொள்கிறோம்.